பெயர் சொல்லாத பெட்டிகள்

பேசக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. தமயந்தி என்ற அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பி முடிக்கிறவரை அறையில் இருக்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கை நீட்டி உதவக் கூடாது, முடிந்தால் இருமக்கூட வேண்டாம் என்று ஹபீபுல்லா சொல்லியிருந்தார். கம்பெனி அவருடையது, அறை அவருடையது, இருமலை அடக்குவதில் என்ன கஷ்டம். மேஜையின் கடைசியில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுகிற நாற்காலியில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தான். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி, மே மாதத்துப் பகல் பதினொன்றரை மணி, கண்ணாடிக்கு வெளியே தகரக் கூரைகளின் மேல் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது, அவனுக்குப் பிடரி விறைத்தது. கண் தெரியாத ஒருத்தியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. என்ன பார்க்கிறாய் என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆரஞ்சு நிறச் சுடிதார், துப்பட்டாவின் ஒரு முனை தரையில் புரள்கிறது, யாராவது எடுத்துவிடலாம், எடுத்துவிடக் கூடாது, நிபந்தனை. தலையை இடப்பக்கம் சாய்த்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் இருப்பதை அவளுக்காகப் படித்துச் சொல்கிற மென்பொருள், ஸ்கிரீன் ரீடர் என்பார்கள், அந்தக் குரல் தமிழைக் கடித்துக் கடித்துத் துப்பியது. மாவட்டம். தேர்ந்தெடுக்கவும். தர்மபுரி. அவள் தர்மபுரியில் நிறுத்தி என்டரைத் தட்டினாள். பக்கம் ஒரு கணம் வெளுத்தது, திரும்ப வந்தது, குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. முகப்பு, இணைப்பு. எங்களைப் பற்றி, இணைப்பு. தொடர்புக்கு, இணைப்பு. தமயந்தி பெருமூச்சுகூட விடவில்லை. டேப் விசையைத் தட்டித் தட்டி, ஏற்கெனவே இறங்கி வந்த படிகளையெல்லாம் மறுபடி இறங்க ஆரம்பித்தாள். அது நான்காவது தடவை.

அந்தப் பக்கம் பொன்னுரங்கம் கட்டியது. அந்தப் பக்கம் மட்டுமா. கம்பெனி பதினைந்து வருஷமாகச் செய்துகொடுத்த அத்தனை இணையதளங்களிலும் ஒரு பெட்டி, ஒரு பட்டியல், ஒரு காலண்டர் என்று எதைத் தொட்டாலும் அது அவனுடைய சர்வர் கண்ட்ரோல். மற்ற பிள்ளைகள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மீதியை சர்வர் பார்த்துக்கொள்ளும். பெட்டியைப் பிறப்பிப்பது, அதில் என்ன எழுதினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது, தப்பென்றால் சிவப்பில் அதட்டுவது, எல்லாம். அதற்காக எதைத் தொட்டாலும் பக்கம் ஒரு தடவை சர்வர்வரை ஓடிப்போய்த் திரும்பி வரும். கண் இருக்கிறவனுக்கு அது ஒரு சிமிட்டல். சிமிட்டல் தெரியாதவர்களைப் பற்றி யார் நினைத்தார்கள், அவன் நினைக்கவில்லை, யாருமே நினைக்கவில்லை, பதினைந்து வருஷம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜெசிந்தா வருகிறவரை. நாகர்கோவில்காரி, முப்பத்தொரு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். கண்ட்ரோலே வேண்டாம், வெறும் எச்டிஎம்எல், பக்கங்களை எழுதுகிற அடிப்படை மொழி, அதுவே போதும் என்றாள். பெட்டி வரைய பிரவுசருக்கே தெரியும், பட்டியல் விரிக்க அதற்கே தெரியும். ஒரு அரசுத் துறை, மாற்றுத்திறனாளிகள் வேலைக்குப் பதிவு செய்கிற தளம் ஒன்று கேட்டபோது அவள் அதையே பிடித்துக்கொண்டாள். சரி, ரெண்டு மாதிரியும் செய்வோம், பார்வையில்லாத ஒருத்தரைக் கூப்பிட்டு உட்காரவைப்போம், எது ஜெயிக்கிறதோ அதுதான் இனிமேல் எல்லாத் தளத்துக்கும் என்று ஹபீபுல்லா முடித்துவிட்டார். அன்று கூட்டத்தில் ஜெசிந்தா ஒரு வாக்கியம் சொன்னாள். "பிரவுசருக்கே தெரிஞ்ச வேலைய நாம எதுக்கு சார் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?" கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பான். தெரியாமல் கேட்கிற மாதிரி, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். மூன்று வாரமாகிறது. பல் தேய்க்கும்போது பதில் சொல்கிறான், ஸ்கூட்டரில் சிக்னலில் நிற்கும்போது சொல்கிறான், பிரவுசர் இன்று ஒன்று நாளை ஒன்று, அதை நம்பி எப்படிம்மா, என்று ஆரம்பித்து அருமையாக முடிக்கிறான், அவள் தலைகுனிகிறாள், சிக்னல் விழுகிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து. பிரவுசருக்கே தெரிஞ்ச வேலைய.

வட்டம், தேர்ந்தெடுக்கவும், என்றது குரல். பென்னாகரம். என்டர். வெளுத்தது. முகப்பு, இணைப்பு. ஐந்தாவது. தமயந்தி இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் மட்டும் அந்த விளிம்பை மெதுவாகத் தேய்த்தது, முன்னும் பின்னும். அம்மாவின் விரல் இப்படித்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆப்பரேஷன் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்த அந்தக் கடைசி மூன்று வருஷம், சாப்பாட்டு மேஜையில் டம்ளரைத் தேடும்போது கை இப்படித்தான் மேஜையைத் தடவிக்கொண்டு வரும். அவன் எதிரில் உட்கார்ந்திருப்பான். டம்ளரை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தால் கையில் தட்டுப்பட்டுவிடும். நகர்த்த மாட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சும்மா, கை எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பான். ஒரு தடவை கை டம்ளருக்கு ஒரு நூலிழை முன்னால்வரை வந்து நின்று, பிறகு திரும்பிப் போய்விட்டது. அம்மா தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனாள். இதை யாரிடம் சொல்ல முடியும். மனைவி சுலோசனாவிடம் ஒருநாள் சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஏதோ கேட்டான். எதற்காக இப்போது அது. அறையில் எல்லாரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துறையிலிருந்து வந்த அதிகாரி அம்மாள் பார்க்கிறாள், ஹபீபுல்லா பார்க்கிறார், ஜெசிந்தா பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து பார்க்கிறாள். நிபந்தனை போட்டுப் பார்த்தால் அதற்குப் பரிசோதனை என்று பெயர்.

தோற்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் ஹபீபுல்லா போனில் யாரிடமோ, கதவு ஒருக்களித்திருந்ததை அறியாமல், "அந்தக் கண்ட்ரோல் டீமெல்லாம் இனிமே எதுக்குங்க, ரங்கத்த ஜெசிந்தாவுக்குக் கீழ போட்டுப் பழைய சைட்டுங்கள பாத்துக்கச் சொல்லலாம்" என்றார். கீழே. போட்டு. பழைய குடையை மாடிப்படிக்குக் கீழே போடுகிற மாதிரி. அவளிடம் லீவு கேட்க வேண்டும். ஜெசிந்தா, நாளைக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரி போகணும். சரி சார், போயிட்டு வாங்க என்பாள், மரியாதையாகத்தான் சொல்வாள், அதுதான் தாங்காது. காலண்டர் கண்ட்ரோலை மட்டும் அவன் நாலு மாதம் செய்தான். லீப் வருஷம், ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு, அம்புக்குறியைத் தொட்டால் மாதம் புரள்வது. மகள் பிறந்த வருஷம். அவள் எப்போது குப்புற விழுந்தாள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, காலண்டர் எப்போது முதல்முதலாகப் புரண்டது என்று தேதியோடு சொல்வான். அதை ஒருத்தி வந்து ஒரே சொல்லில், டேட் என்று ஒரு சொல் எழுதினால் போதும் சார், பிரவுசரே காலண்டரைக் காட்டும் என்கிறாள். காட்டுகிறது. அவனே வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தான். அழகாகக் காட்டுகிறது. பிரவுசருக்கே தெரிஞ்ச வேலைய.

"முடிஞ்சுது சார்" என்றாள் தமயந்தி. முப்பத்தொரு நிமிஷம். ஏழு தடவை பக்கம் ஓடிப்போய்த் திரும்பி, ஏழு தடவை முகப்பு இணைப்பிலிருந்து இறங்கி வந்து, முடித்துவிட்டாள். "கொஞ்சம் சுத்த விடுது. ஆனா எங்க இருக்கோம்னு சொல்லுது, தேடிப் புடிச்சிடலாம்." ஹபீபுல்லா தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். ஜெசிந்தா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தமயந்தியின் விரல்களை எடுத்து டம்ளரின் மேல் வைத்து, "இங்க இருக்கு" என்றாள். அவ்வளவுதான் செய்தாள். பொன்னுரங்கம் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். இவளுக்கு எல்லாமே எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது. அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் தெளிவு. பாவம் என்று நினைத்துப் பார்த்தான். நினைப்பு வந்தது, பாவம் வரவில்லை.

ஏனென்றால் நேற்றுச் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அவன் அவளுடைய பக்கத்தைத் திறந்தான். யாருக்கோ பிறந்தநாள், எல்லாரும் டீ போடுகிற பேன்ட்ரியில் கேக்கைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், ஜெசிந்தாவின் குரல்கூடத் தனியாகக் கேட்டது, கோயில் பாட்டு மாதிரி இழுத்துப் பாடினாள். சோதனைக்கு வைத்திருக்கும் சர்வரில் எதையும் திறக்க அவனுக்கு அனுமதி உண்டு, அனுமதி கொடுக்கிறவனே அவன்தான். என்ன செய்கிறோம் என்று முடிவெடுத்துத் திறக்கவில்லை, சத்தியமாக, பார்க்கத்தான் திறந்தான். நாற்பது வரி. அவனுடைய பக்கம் இரண்டாயிரம் வரி பெற்றுப்போடும். இவளுடையது நாற்பதே வரி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு லேபிள், பெயர், தந்தை பெயர், வயது என்று. அந்த லேபிள் இந்தப் பெட்டிக்குரியது என்று முடிச்சுப்போடுகிற ஒரு சின்னச் சொல். அந்தச் சொல் இருந்தால்தான் பெட்டிக்குள் போனதும் குரல் அதன் பெயரைச் சொல்லும். அவன் முதல் முடிச்சை அவிழ்த்தான். ஒன்றுதானே, பார்க்கலாம் என்றுதான். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் பன்னிரண்டையும் அவிழ்த்தான். அப்புறம் ஒவ்வொரு லேபிளிலும், இதைப் படிக்காதே என்று குரலுக்குச் சொல்கிற இன்னொரு சொல்லைச் சேர்த்தான். இப்போது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. பதினோரு நிமிஷம் ஆனது. அசல் பிரதியைத் தன் லேப்டாப்பில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான், நாளைக்கு முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. பேன்ட்ரிக்குப் போனான். ஜெசிந்தா காகிதத் தட்டில் கேக்கை நீட்டினாள். "உங்களுக்குன்னு ஓரத்துண்டு எடுத்து வச்சேன் சார், உங்களுக்கு கிரீம் புடிக்காதே." சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது பக்கம் திறந்தது. தமயந்தி டேப்பைத் தட்டினாள். எடிட், பிளாங்க், என்றது குரல், எழுதுகிற பெட்டி, காலி, அவ்வளவுதான், பெயர் இல்லை. அவள் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மறுபடி டேப். எடிட், பிளாங்க். மறுபடி. எடிட், பிளாங்க். அறையில் ஒரு பேனா மூடித் திறக்கிற சத்தம் நின்றது. பொன்னுரங்கம் ஜெசிந்தாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை, அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறான். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். உதடு பிரிந்து மூடியது. கழுத்து நரம்பில் துடிப்பு தெரிந்தது, அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. பேசக் கூடாது. தமயந்தி மேலே போய்ப் பார்த்தாள், கீழே வந்து பார்த்தாள், அம்புக்குறியால் வரிவரியாகத் தடவிப் பார்த்தாள், பன்னிரண்டு பெட்டியும் ஒன்று மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தன. பிறகு அவள் உத்தேசமாக நிரப்ப ஆரம்பித்தாள். விண்ணப்பமென்றால் முதலில் பெயர்தான் இருக்கும். இருந்தது. அடுத்தது பாலினமாயிருக்கும், பெண் என்று அடித்தாள். அது தந்தை பெயர். இன்னொன்றில் பிறந்த தேதி, அது கைபேசி எண். சமர்ப்பித்தாள், தப்பு என்று வந்தது, எதில் தப்பு என்று வரவில்லை. மறுபடி மாற்றினாள். பார்வைக் குறைபாடு எத்தனை சதவீதம் என்று ஒரு கேள்வி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் போகிற இடமெல்லாம் கேட்கப்படுகிற கேள்வி, நூறு என்று அடித்தாள். அது வயது. வயது பதினெட்டு முதல் நாற்பத்தைந்துவரை இருக்க வேண்டும், என்று குரல் அதை மட்டும் தெளிவாகப் படித்தது. யாரோ சிரித்தார்கள். மூக்கால், சின்னதாக. அதிகாரி அம்மாள் திரும்பிப் பார்த்தபோதுதான் சிரித்தது தான் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டான். தமயந்திக்குக் காது வரையில் சிவந்துவிட்டது. மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. இன்னும் ஒன்பது நிமிஷம் அவள் அந்தப் பெட்டிகளுக்குள் போய்ப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் உள்ளுக்குள் சொன்னான், போதும், விட்டுவிடு, எழுந்துகொள். அவளுக்காகச் சொல்கிறோம் என்றுகூட ஒரு கணம் நம்பினான்.

"முடியல சார்" என்றாள் கடைசியில். "என் தப்பாத்தான் இருக்கும். எனக்கு இது பழக்கமில்ல."

"உங்க தப்பு இல்லங்க" என்று ஜெசிந்தா எழுந்தே விட்டாள். குரல் கம்மியிருந்தது. "ஹபீப் சார், எங்கயோ ஏதோ ஆயிருக்கு. லேபிள் எல்லாம் கட்டியிருக்கேன், நானே பத்துத் தடவ கேட்டுப் பாத்திருக்கேன். ஒரு நிமிஷம், எழுதினதத் தொறந்து காட்டுறேன்." அவள் லேப்டாப்பை இழுப்பதற்குள் பொன்னுரங்கத்தின் விரல் தன் லேப்டாப்பில் இறங்கிவிட்டது. அசல் பிரதி, ஒரு இழுப்பு, ஒரு அழுத்தல், ஆம் என்று ஒரு கேள்விக்குப் பதில், அது சர்வரில் பழையபடி ஏறிவிட்டது. ஆனால் தமயந்தியின் முன்னாலிருக்கும் திரையில் அவன் முடிச்சவிழ்த்த பக்கம் அப்படியே திறந்திருக்கிறதே, அதை யாராவது கிளறினால். எழுந்தான். நிபந்தனைதான் முடிந்துவிட்டதே. "நீங்க இப்படி வாங்கம்மா, காத்து நேரா அடிக்குது பாருங்க" என்று தமயந்தியின் நாற்காலியைப் பின்னால் இழுத்து, தரையில் புரண்ட துப்பட்டாவைக்கூட எடுத்து அவள் மடியில் வைத்து, அந்தச் சாக்கில் மவுஸைத் தொட்டுத் திரையில் அந்தப் பக்கத்தை மூடினான். எவ்வளவு இயல்பாகச் செய்தான். தன் கையை அவனே வியந்தான். ஜெசிந்தா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வரி, பன்னிரண்டு லேபிள், பன்னிரண்டு முடிச்சு, எல்லாம் அவள் எழுதிய இடத்தில் அவள் எழுதியபடியே இருந்தன.

"எல்லாம் இருக்கே" என்றாள் மெதுவாக.

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க" என்றார் ஹபீபுல்லா. "அவங்களுக்குக் கேக்கலையேம்மா."

"இன்னொரு தடவ, ஒரே ஒரு தடவ பண்ணிப் பாக்கச் சொல்லலாம் சார். அஞ்சு நிமிஷம் போதும்."

அதற்குத்தான் பொன்னுரங்கம் பயந்துகொண்டிருந்தான். இப்போது செய்தால் பேசும். எல்லாப் பெட்டியும் பேசும். அப்போது ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து தானாக வந்தது, மூன்று வாரமாகப் பல் தேய்க்கும்போதும் சிக்னலிலும் தேடிக்கொண்டிருந்த பதில் அது இல்லை, அதைவிட நல்லதாக இருந்தது. "எத்தன தடவதான் அவங்கள போட்டுப் படுத்துவ ஜெசிந்தா? ஒரு மணி நேரமா நம்ம முன்னாடி வேர்த்து வழிஞ்சு உக்காந்திருக்காங்க. அவங்க மனுஷங்கம்மா. உன் பக்கத்த டெஸ்ட் பண்ற மெஷின் இல்ல." சத்தம் போடாமல், வருத்தத்தோடு சொன்னான். அதிகாரி அம்மாள் "கரெக்ட்" என்றாள். ஹபீபுல்லா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தாவின் முகம் விழுந்ததை அவன் முழுசாகப் பார்த்தான், ஒரு நெற்றிச் சுருக்கம் விடாமல் பார்த்தான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது தெரிந்தது. தமயந்தியின் முன்னால் போய்க் குனிந்து, "மன்னிச்சிடுங்க, உங்கள ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்" என்றாள். தமயந்தி அந்தத் திசையில் ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தாள், பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். ஹபீபுல்லா எல்லாரையும் பார்த்து, "அப்ப ரங்கத்தோட கண்ட்ரோலே இருக்கட்டும், சுத்தினாலும் கரை சேக்குது" என்று எழுந்துகொண்டார். ஒன்றேகால் மணி நேரம். பதினைந்து வருஷம் பிழைத்துவிட்டது. ஆனந்தமாக இருக்க வேண்டுமே என்று பொன்னுரங்கம் உள்ளே தேடிப் பார்த்தான். பசிதான் இருந்தது.

தமயந்தியை பஸ் ஸ்டாப்வரை கொண்டுபோய் விட யாராவது வேண்டும் என்றபோது அவன்தான் முதலில் எழுந்தான். நல்லவனாக இருக்க வேண்டும் போல இருந்தது, உடனே, யாராவது பார்க்கும்படி. ஜெசிந்தா நன்றியோடு பார்த்தாள். லிஃப்டில் தமயந்தி தன் வெள்ளைக் கோலை நாலாக மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். பிடி லேசாக இருந்தது, பழகிய பிடி, எத்தனையோ முழங்கைகளைப் பிடித்த கை. தெருவில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. லாரி நிற்கிறது, இந்தப் பக்கம் வாங்க, பள்ளம், பார்த்து என்று சொல்லிக்கொண்டே போனான், பார்த்து என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டு வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த ரெண்டாவது பக்கத்த நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல யாராச்சும் மாத்தினாங்களா?"

"ஏன் கேக்கறம்மா?"

"நேத்து மத்தியானம் ஜெசிந்தா மேடம் லிங்க் அனுப்பினாங்க. போன்ல தொறக்குதான்னு மட்டும் பாக்கச் சொன்னாங்க. நான் ஹாஸ்டல்ல உக்காந்து முழுசாவே போட்டுப் பாத்துட்டேன். பேரு, அப்பா பேரு, வயசு, எல்லாம் அழகா சொல்லிச்சு. அஞ்சு நிமிஷம் ஆவல, முடிஞ்சிடுச்சு."

"அது வேற ஏதாவது பக்கமா இருக்கும். உனக்கு ஞாபகப் பிசகு."

"நான் எழுதி வச்சுப் பாக்கறவ இல்ல சார். ஞாபகம் வச்சுக்கறதுதான் என் பொழப்பே." அவள் கோபப்படவில்லை. "உள்ளயே சொல்லியிருப்பேன். டெஸ்டுக்கு முன்னாடி லிங்க் குடுத்தேன்னு தெரிஞ்சா பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாள் குடுத்த மாதிரி ஆயிடும், யாருக்கும் சொல்லாதீங்கன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அவங்கள எதுக்கு மாட்டிவிடணும்னு சும்மா இருந்துட்டேன், நேத்து கேட்ட வரிசைய வச்சு நிரப்பவும் இல்ல, புதுசா பாக்கறவ மாதிரியே போட்டேன். யாரு மாத்தியிருப்பாங்கன்னும் அப்ப தெரியல."

அப்ப தெரியல. அவன் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டான். நடந்துகொண்டேதான் இருந்தான், கால் நடந்தது. "இப்ப?" என்று கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது, கேட்டுவிட்டான்.

"நேத்துன்னு நான் சொன்னதும் உங்க கை கல்லாட்டம் ஆயிடுச்சு சார்" என்றாள் தமயந்தி. "இன்னும் இளகல." கொஞ்சம் பொறுத்து, "மேடத்துகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா, நான் போன் பண்ணட்டுமா?"

அவன் கையை உருவிக்கொண்டான். உருவ வேண்டுமென்று நினைக்கவில்லை, சூடு பட்டால் உருவுகிற மாதிரி உருவிவிட்டது. இரண்டு அடி தள்ளி நின்றான். தமயந்தியின் கை அந்தரத்தில் அப்படியே இருந்தது, வளைந்த விரல்களோடு, உள்ளே முழங்கை இல்லாமல். பஸ் ஸ்டாப் இன்னும் முப்பது அடி. நடுவில் தோண்டிப்போட்ட பள்ளம், அதைச் சுற்றிக் கயிறுகூடக் கட்டவில்லை. "சார்?" என்றாள். ஏதாவது சொல்ல வேண்டும். பிள்ளை குட்டிக்காரன் என்று சொல்லலாம். நாற்பத்தேழு வயது என்று சொல்லலாம். உனக்கு என்ன போயிற்று, நீ முதல் பக்கத்தில் முடித்துவிட்டாயே என்று அதட்டலாம். ஒன்றும் சொல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். போய்விட்டான் என்று நினைக்கட்டும். யார் கண்டது, அவள் நினைத்துக்கொண்டால் போய்விட்டதாகவே ஆகிவிடும். எதிர்ச்சாரியில் வேப்பமர நிழலில் ஆட்டோக்காரன் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி முகத்தை மெதுவாகத் திருப்பினாள். நேராக அவனை நோக்கித் திருப்பினாள், ஒரு அங்குலம் தப்பவில்லை. "நீங்க போன சத்தம் கேக்கலையே சார்."

பொன்னுரங்கம் குனிந்தான். இடது செருப்பைக் கழற்றினான், வலது செருப்பைக் கழற்றினான், இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஒரு மணி வெயிலில் தார் இளகிக்கிடந்தது. முதல் அடியிலேயே உள்ளங்கால் பொசுங்கி உச்சிவரை ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது அடி வைத்தான், நுனிக்காலில், மூன்றாவது. அவனுக்குத் தன்னைப் பார்க்க முடிந்தது, மேலே எங்கிருந்தோ, தலை வழுக்கை விழுந்த ஒருவன் செருப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு தெருவில் துள்ளித் துள்ளிப் போவது. நாலு. ஐந்து. கொஞ்சம் தூரம்தான், மூலை திரும்பிவிட்டால் கட்டடத்தின் நிழல். ஆறு.

"இன்னா சார்" என்று எதிர்ச்சாரியிலிருந்து ஆட்டோக்காரன் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினான், "செருப்ப கையில தூக்கிக்கினு இன்னா நடை இது? பாவம், அந்தப் பொண்ண பள்ளத்தாண்ட வுட்டுட்டுப் போற?"

அவன் திரும்பவில்லை. ஓடவும் முடியவில்லை. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, சூடு தாங்காமல் கால் மாற்றி, மறுபடி மாற்றி, நின்ற இடத்திலேயே நின்றான். பின்னால் பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. கோலாக இருக்கும் என்று நினைத்தான், கோலாக இருக்கட்டும் என்று நினைத்தான். போன் பேச ஆரம்பித்தது. விரல் நகர நகர அது ஒவ்வொரு பெயராக, உரக்க, தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஹாஸ்டல் வார்டன். இந்திரா அக்கா. ஜெசிந்தா மேடம்.

விரல் நின்றது.